டனலை அடைத்த நாள்

புதிதாக நெட்வொர்க் வேலைக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி, "மேடம், உங்க சர்வீஸ்ல பெரிய ஹேக்கிங் ஏதாவது நடந்திருக்கா?" என்பதுதான். நடக்கவில்லை. உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் ரிக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவள் நான். எங்கள் சர்வரில் இருந்ததெல்லாம் எந்த ஊரில் எத்தனை அடி துளை போட்டோம், எவ்வளவு டீசல் ஊற்றினோம் என்ற கணக்குதான். அதைத் திருட எவன் மெனக்கெடப் போகிறான்?

ஆகவே உங்களுக்குச் சொல்ல என்னிடம் வீரக்கதை கிடையாது. யாரும் கேட்காத ஒரு கதை இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

டனல் என்று நாம் சொல்கிற மென்பொருளை நீங்கள் எல்லாரும் நிறுவியிருப்பீர்கள். ஊர் உலகம் போகிற பொதுச் சாலைக்கு அடியில் நமக்கென்று தனியாக ஒரு வழி. உள்ளே என்ன போகிறது என்பது வெளியே இருப்பவனுக்குத் தெரியாது. நாங்கள் பயன்படுத்தியது திறந்த மூல மென்பொருள். யாரோ முகம் தெரியாத நாலு பேர் எழுதி, காசு வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்தது. அதைப் போடும்போது ஒரு நீண்ட பக்கம் வருமே, அதை யாராவது படித்திருக்கிறீர்களா? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் மொய் எழுதிவிட்டு நேராகப் பந்திக்குப் போகிற மாதிரி கீழே இறங்கி "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்திவிட்டுப் போயிருப்பீர்கள்.

நான் படித்தேன். சட்ட மொழியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அது சொல்வது இவ்வளவுதான். எடுத்துக்கொள், மாற்றிக்கொள், அடுத்தவருக்கும் கொடு. இது வேலை செய்யும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. நீ நிற்கிற நாட்டில் சட்டம் எதற்கு இடம் கொடுக்கிறதோ அதற்கு மட்டும் பயன்படுத்து. மீறினால் அது உன் தலையில், எங்களைக் கேட்காதே. படித்தபோது எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிந்தது. இலவசமாகக் கொடுப்பவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

எங்கள் கம்பெனிக்குக் கடல் தாண்டி ஒரு பாலைவன நாட்டில் துளை போடும் ஒப்பந்தம் கிடைத்தது. நாட்டின் பெயர் வேண்டாம். அங்கே இணையத்தின் வழியாக முகம் பார்த்துப் பேசுவது தடை. எழுதி அனுப்பலாம், வீடியோ பிடித்து அனுப்பலாம். நேருக்கு நேர் பேசக் கூடாது. கம்பெனிகள் டனல் வைத்துக்கொள்ள அரசு அனுமதி கொடுத்தது. கம்பெனி வேலைக்கு மட்டும். வேறெதற்காவது பயன்படுத்தினால் கம்பெனியின் அனுமதி போகும், பயன்படுத்திய ஆள் சிறைக்குப் போவான்.

ஆட்கள் விமானம் ஏறுவதற்கு முன்னால் எல்லாரையும் அலுவலக மாடியில் உட்கார வைத்து, மென்பொருளின் நிபந்தனைகளையும் அந்த நாட்டின் நிபந்தனைகளையும் தமிழில் சொன்னேன். ரிக் ஓட்டுபவர்கள், டிரில்லர்கள், சமையல்காரர் என்று எல்லாரும் இருந்தார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். சைட் சூப்பர்வைசர் தங்கராசு மட்டும், "அப்ப பொண்டாட்டி மூஞ்சியைப் பாக்கோணும்னா ஊருக்குத்தான் வரோணும்னு சொல்லுங்க" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டனலுக்குள் நுழைவதற்கான சாவியைத் தங்கராசுவின் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். சாவி என்பது ஒரு கோப்புதான். ஒரு சாவிக்கு ஒரு கருவி என்று கணக்கு.

சில மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் சாயங்கால ரிப்போர்ட் வராமல் போக ஆரம்பித்தது. பாதி வரும், அறுந்துவிடும். ஒரே சாவியை இரண்டு கருவிகளில் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்று மற்றதை வெளியே தள்ளும். அதுதான் நடக்கிறது என்று பார்த்ததும் புரிந்தது. தங்கராசுவைக் கூப்பிட்டேன்.

"சாவி வேற யார்கிட்டயாவது இருக்குதுங்களா?"

நேராகவே சொன்னார். "மறைக்கறதுக்கு என்னங்க மேடம் இருக்குது. கேம்ப்புல எல்லார்கிட்டயும் இருக்குதுங்க."

"எல்லார்கிட்டயுமா?"

"ரிக்குல சோத்துப் பானை ஒண்ணுதானுங்க. ஒருத்தனுக்குப் போட்டுட்டு இன்னொருத்தனைப் பட்டினி போட முடியாதுங்க. முறை வச்சுத்தான் வீட்டு ஆளுங்க மூஞ்சியைப் பாத்துப் பேசறாங்க. ஒருத்தன் பேசி முடிச்சு அமத்துனதுக்கப்புறம்தான் அடுத்தவன். சண்டை சச்சரவு எதுவும் இல்லீங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கம்பெனி வேலைக்கு மட்டும்னு நான் மாடியில சொன்னப்ப நீங்களும்தானே தலையாட்டுனீங்க?"

"ஆமாங்க, சொன்னீங்க. பொண்டாட்டி புள்ளை மூஞ்சியைப் பாக்காம எவனுங்க மேடம் இந்த வெயில்ல நின்னு வேலை செய்வான்? அதுவும் கம்பெனி வேலைதானுங்க."

ரிக் தொழிலை அறிந்தவர்களுக்கு இது புரியும். மாதக்கணக்கில் ஒரு லாரிக்கு அடியில் படுத்து, ஒரே பானையில் சாப்பிட்டு வாழ்கிற ஆட்கள். ஒருவனுக்கு வந்தது எல்லாருக்கும் வந்தது. "இல்லை" என்று சொல்பவனை அதற்குப் பிறகு யாரும் மனிதனாக மதிப்பதில்லை. வேறு எந்தத் தொழிலிலாவது சாவியை ஒருவன் ஒளித்து வைத்துக்கொண்டிருப்பான். இவர்களுக்கு அது தோன்றவே இல்லை.

முதலில் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கோபால் என்றார்.

கோபால் டிரில்லர். பள்ளிபாளையத்துக்காரன். ரிக்குக்கு வருவதற்கு முன்னால் விசைத்தறிப் பட்டறையில் தறி ஓட்டியவன். அவன் மனைவி செல்வியும் அதே பட்டறையில்தான் வேலை செய்தாள். பட்டறைக்குள் நீங்கள் போயிருக்கிறீர்களா? தறிகள் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். நூல் அறுந்தது, சாப்பிடப் போகலாம், மேஸ்திரி வருகிறான் என்பதெல்லாம் கைதான். கோபாலும் செல்வியும் ஆறு தறிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று கையால் பேசியே கல்யாணம் வரைக்கும் வந்தவர்கள் என்று தங்கராசு சொன்னார்.

அவன் வெளிநாடு போன பிறகு செல்விக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, தேறி வருகிறாள் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். குரல் மட்டும் இல்லை. இனி அவளோடு போனில் பேசுவது எப்படி? பார்த்துத்தான் பேச வேண்டும். அவளுக்கும் அவனுக்கும் பழைய கைப்பேச்சு இருந்தது. அதற்காகத்தான் தங்கராசு சாவியைக் கொடுத்தார். கேம்ப்பே முறை வைத்துப் பேசியபோதும் தினமும் முதல் முறை கோபாலுக்குத்தான் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள்.

இதைக் கேட்ட பிறகு என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

முதலாளியிடம் போனேன். அவர் ஒரு காலத்தில் ரிக்கில் பைப் தூக்கியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மத்தவனுங்களுக்கு அடைச்சுருங்க மேடம். அந்தக் கோபால் பையனுக்கு மட்டும் தனியா ஒரு சாவி போட்டு உட்ருங்க. பாவம், அவ பேசறதுக்கு வேற என்ன வழி இருக்குது?"

செய்ய முடியாத காரியம் இல்லை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை. ஆனால் எனக்கு இரண்டு விஷயம் தெரியும். கோபாலிடம் ஒரு சாவி இருந்தால் அது மறுவாரமே கேம்ப் சாவி ஆகிவிடும், அவனால் மறுக்க முடியாது. இன்னொன்று, போலீஸ் பிடித்தால் பிடிபடுகிறவன் அவன்தான்.

"மாட்டுனா அங்கயே உள்ள போட்டுருவாங்க. அப்புறம் அவ மூஞ்சியை வீடியோல கூடப் பாக்க முடியாது. ஆளை மாத்தி அனுப்பி அவனை ஊருக்குக் கூப்பிடுங்க" என்றேன்.

அவர் உடனே ஒப்புக்கொண்டார். அங்கேயே போனை எடுத்து மாற்று டிரில்லருக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். விசா, வெளியேறும் அனுமதி எல்லாம் முடிய ஒரு மாதமாவது ஆகும் என்று ஏஜெண்டு சொன்னான். அதுவரைக்கும் டனல்? முதலாளி என்னைப் பார்த்தார். "நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க மேடம்" என்றார்.

பிள்ளைகளே, உங்கள் வேலைக்காலத்தில் இந்த வாக்கியத்தை நிறையக் கேட்பீர்கள். பெருந்தன்மை போலத் தெரியும். பாரத்தை உங்கள் தலைக்கு மாற்றுகிற வாக்கியம் அது.

இரண்டு நாள் இழுத்தடித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் தங்கராசு கூப்பிட்டார். குரலில் வழக்கமான கேலி இல்லை. பக்கத்து கேம்ப்பில் போலீஸ் நுழைந்து போன்களைச் சோதித்திருக்கிறது. அது வேறு கம்பெனி. இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். "இங்கயும் வருவாங்க போலிருக்குதுங்க. கோபால்கிட்டப் பேச்சை நிறுத்தச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரமாட்டேங்குதுங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு அந்தச் சாவியைச் சர்வரிலிருந்து நீக்கினேன். எல்லாரும் தங்கள் போனில் இருக்கிற சாவிக் கோப்பை அழித்துவிட வேண்டும் என்று தங்கராசுவுக்கு எழுதினேன். ரிப்போர்ட்டுக்கு அவருடைய லேப்டாப்புக்கு மட்டும் புதுச் சாவி. அதன்பிறகுதான் ஆபீஸ் காரைக் கேட்டு வாங்கிப் பள்ளிபாளையத்துக்குக் கிளம்பினேன்.

முதலில் போய்ச் சொல்லிவிட்டு வந்து அடைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முதலில் அவள் முகத்தைப் பார்த்திருந்தால் என் கை அடைத்திருக்காது. என்னை எனக்குத் தெரியும்.

செல்வி இருந்தது தறிப் பட்டறைக்குப் பின்னால் ஒரு லைன் வீடு. பட்டறைச் சத்தம் சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் கேட்டது. அவளுடைய அம்மா வாசலுக்கு வந்தார்கள்.

"வாங்க சாமி, உள்ள வாங்க. கம்பெனியிலருந்தா? மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

இல்லை என்று அவசரமாகச் சொன்னேன். செல்வி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துணி. என்னைப் பார்த்ததும் அதைச் சரிசெய்துகொண்டாள். சாயங்காலப் பேச்சுக்காகத் தலை வாரிப் பூ வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

நிபந்தனைகளை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அன்றைக்கு விளக்கியது போல ஒரு நாளும் விளக்கியதில்லை. அந்த ஊர்ச் சட்டம் இப்படி, நம் கம்பெனிக்குக் கொடுத்த அனுமதி இப்படி, பக்கத்தில் ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள், அதனால் இன்றைக்கு வழியை அடைத்துவிட்டோம் என்று சொன்னேன். "அடைத்துவிட்டேன்" என்று சொல்லத் தைரியம் வரவில்லை. "விட்டோம்" என்றேன்.

அவள் கைகள் வேகமாக அசைந்தன. அவள் அம்மாவும் தறியில் இருந்தவர்கள்தான். பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள்.

"அவரைப் புடிச்சுட்டாங்களான்னு கேக்கறா."

"இல்லை. பிடிக்கக் கூடாதுன்னுதான் அடைச்சிருக்கோம்."

செல்வி வலது கையை முன்னால் நீட்டி, ஒரு கைப்பிடியைத் தள்ளுவது போலச் செய்தாள். தறியை நிறுத்துவதற்கான சைகை. அம்மா சொல்லாமலே எனக்குப் புரிந்தது. நிறுத்திவிடுங்கள் என்கிறாள். அவன் நன்றாக இருந்தால் போதும் என்கிறாள்.

வீடியோ பிடித்து அனுப்பலாம், அதற்குத் தடையில்லை, ஒரு மாதத்தில் அவனே வந்துவிடுவான் என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு கை மெதுவாக அசைந்தது.

"எதுத்தாப்புல ஆள் இருந்தாத்தான் கை பேசும், செவுத்தைப் பாத்து எப்படிப் பேசறதுங்கறா" என்றார்கள் அம்மா.

எழுந்தேன். செல்வி என் முந்தானையைப் பிடித்தாள். ஒரு விரலைக் காட்டினாள். பூவைத் தொட்டாள். போனைக் காட்டினாள்.

அவள் அம்மா இதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. இன்றைக்கு ஒரே ஒரு தடவை. அவன் முகத்தைப் பார்த்து நானே சொல்லிவிடுகிறேன் என்கிறாள்.

பக்கத்து கேம்ப்பில் போலீஸ் நிற்கிற நாள் அது. இல்லையம்மா, முடியாது என்றேன். அவள் தலையாட்டினாள். முந்தானையை விட்டாள். காரில் திரும்பி வரும்போது வழியை நான் கவனிக்கவே இல்லை. டிரைவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தான், எதுவும் காதில் ஏறவில்லை. அழுதேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரமே எங்கள் கேம்ப்புக்குப் போலீஸ் வந்தது. ஒவ்வொரு போனாகப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. எல்லாரும் தப்பினார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் பாராட்டினார். எனக்கு அது கசந்தது.

செல்வி தேறி வருகிறாள் என்றுதான் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். கோபாலுக்கு வெளியேறும் அனுமதி கிடைத்துவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது. அந்த நேரத்தில் ஒரு நாள் காலையில் அவளுக்குத் தொண்டைப் புண்ணிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்தது. காவிரிப் பாலம் தாண்டி ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டாள். இப்படி நடக்கலாம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. கோபால் வந்து இறங்கியபோது அவளை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

நான் செய்தது தப்பா என்று என்னைக் கேட்டால் தப்பில்லை என்றுதான் சொல்வேன். மறுபடியும் அதே நாள் வந்தால் மறுபடியும் அடைப்பேன். அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் சிறைக்குப் போகாமல் திரும்பி வந்தார்கள். ஆனால் சரியாகச் செய்த காரியம் மனசுக்கு ஆறுதல் தரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு இன்றுவரை தரவில்லை. மென்பொருளோடு வரும் அந்தப் பக்கத்தைப் படியுங்கள் என்று நான் நச்சரிப்பது சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லை. அதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு நாள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டும். தட்டப் போகிற ஆள் நீங்கள்தான். மெயில் அனுப்பி முடித்துவிடாதீர்கள். நேரில் போங்கள்.

காரியம் முடிந்த பிறகு துக்கம் கேட்கப் போனேன். கோபால் தலையை மழித்திருந்தான். நாற்காலி எடுத்துப் போட்டான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். என்மேல் கோபமாக ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க நேர்ல வந்து சொன்னீங்கன்னு அத்தை சொன்னாங்க" என்றான். அவ்வளவுதான்.

பிறகு அவனாகவே போனை எடுத்தான். டனல் அடைத்த பிறகு செல்வி அனுப்பிய வீடியோக்கள். முதல் வீடியோவில் அவள் கை தடுமாறியது, பாதியிலேயே நிறுத்தியிருந்தாள். போகப் போக அவளே ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தாள். கையால் ஒன்றைச் சொல்வாள். பிறகு நிறுத்திவிட்டு, அவன் பதில் சொல்வதற்கான நேரம் வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள். அப்புறம் சிரிப்பாள், அல்லது முறைப்பாள், அடுத்ததைச் சொல்வாள். அவன் அங்கே தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து அவள் நிறுத்துகிற இடத்தில் எல்லாம் கையால் பதில் சொல்லிக்கொண்டே பார்ப்பானாம். கேம்ப்பில் யாரும் அந்த நேரத்தில் அவன் பக்கம் வர மாட்டார்களாம்.

கடைசி வீடியோவைக் காட்டினான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் எடுத்தது. கழுத்துத் துணி நனைந்திருந்தது. இரண்டு கையையும் உயர்த்தி மெதுவாக ஒன்று கேட்டாள். பிறகு காத்திருந்தாள். அந்த இடைவெளி மற்ற வீடியோக்களில் இருந்ததைவிட நீளமாக இருந்தது. பிறகு பதில் கிடைத்துவிட்டது போலத் தலையாட்டினாள். படம் நின்றது.

"என்ன கேக்கறா கோபால்?"

"எப்ப வாரீங்கன்னு கேக்கறாளுங்க மேடம்."

"நீ என்ன சொன்னே?"

அவன் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இது என் கைக்கு வந்து சேரறப்ப அவ போயிட்டாளுங்க. நான் இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்லீங்க. அவளா சரின்னு தலையாட்டிட்டாளுங்க."